நீங்க போட்டுப் பாத்தீகளா

இல்லண்ணே, எடுத்த எடுப்புல மூஞ்சியில பூச மாட்டேன். மொதல்ல இங்கன, முழங்கை மடிப்புல. இந்த எடத்துத் தோலுதான் மெல்லிசு. ஒத்துக்கிருச்சா இல்லயான்னு வெரசாச் சொல்லிப்புடும். பட்டாணி அளவு வைங்க... போதும், போதும். இப்ப மணி பதினொண்ணே கால். நாளைக்கு இதே நேரத்துக்குப் பாப்பேன். அரிப்பு, தடிப்பு ஒண்ணுமில்லன்னா மறுக்காப் பூசுவேன். இப்புடி மூணு நாளு. பெறகு பத்து நாளு மூஞ்சியில, அதுவும் ஒரு பக்கம் மட்டும்.

சிரிக்காதீக. ஒரு பக்கம் பூசுனது, ஒரு பக்கம் பூசாதது, ரெண்டயும் ஒரே கண்ணாடியில பாத்தாத்தான் க்ரீமு வேல செய்யுதா, இல்ல நம்ம ஆசை வேல செய்யுதான்னு தெரியும். மாசி பங்குனி வந்துட்டா என் மூஞ்சி எனக்குச் சொந்தமில்லண்ணே. எங்க வீட்ல அவுக, ஞாயித்துக்கெழம பூசைக்குக் கெளம்பும்போது இன்னைக்கு எந்தப் பக்கம்னு கேட்டுட்டுத்தான் பக்கத்துல வந்து உக்காருவாக. போன வருசம் ஒரு சன்ஸ்க்ரீன் குடுத்தீகள்ல, பச்சை மூடி போட்டது? அதப் பூசிக்கிட்டு ராயப்பன்பட்டிக்கு எங்கம்மாவப் பாக்கப் போனேன். பஸ்ஸ விட்டு எறங்குறேன், பீட்டர்ராஜ் மாமா பாத்துட்டு, என்னத்தா பெனிஷா, சாம்பல் புதன் முடிஞ்சு ஒரு மாசமாச்சே, இன்னுமா கழுவலங்குறாக. சாமியாரு நெத்தியிலதான பூசுவாரு, இது மூஞ்சி பூராம்ல! மறுநாளே பெட்டியோட திருப்பி விட்டேன். ஞாபகம் இருக்கா?

நீங்களும் கைய நீட்டுங்க. அட நீட்டுங்கண்ணே, ஆம்பளத் தோலும் தோலுதான். ஏன் இழுத்துக்கிறீக? தேனியில இருந்து கம்பம் வரைக்கும் பைக்குல இதக் கொண்டுக்கிட்டுத் திரியிறீக, கழுத்தெல்லாம் வெயில்ல கருகிக் கெடக்கு. ஒரு நாளாவது ஒரு பொட்டு எடுத்து உங்க மூஞ்சியில வச்சுப் பாத்துருக்கீகளா? இல்லல்ல. விடுங்க, விடுங்க. துண்டுல தொடைச்சுக்கங்க.

திரைக்கு இங்கிட்டே உக்காருங்க, உள்ள ரெண்டு பேரு ஃபேஷியல் போட்டுப் படுத்துருக்காக. அவுகளுக்குக் கேக்கும்னு பாக்குறீகளா? கேக்கட்டும். எனக்கு ஒண்ணும் ஒளிவு மறைவு இல்ல.

அது என்ன, ரெண்டாவது பெட்டியும் எறக்குறீக? நான் ஒண்ணும் கேக்கலயே. கத்தாழ ஜெல்லு, மூஞ்சி கழுவுறது, ஒதட்டுக்குப் போடுறது, மேலுக்கு அடிக்கிற சென்ட்டு... சம்மர் செட்டு அம்புட்டும் சும்மாவா? புதுச் சேரு வேற அனுப்புறேங்குறீகளா? தலையச் சாச்சுக் கழுவுற தொட்டியோடயா? எட்டு வருசமா ஒரு சின்ன ஷாம்பு பாக்கெட்டு கூடுதலாக் கேட்டாக்கூட மேனேஜரக் கேக்கணும்பீகளே, இன்னைக்கு அந்த மேனேஜரே குடுத்து விட்டாராக்கும்.

எதுக்குன்னு தெரியும் தங்கப்பாண்டியண்ணே. சட்டப் பையில அந்தக் கவரு பாதி வெளிய எட்டிப் பாக்குது. எடுங்க, படிக்கிறேன்.

ம்ம்.

ம்ம். நல்லாத்தான் டைப் அடிச்சிருக்கீக. மேற்படி கயல் என்பவர் மேற்படி க்ரீமை எமது அழகு நிலையத்தில் வாங்கவில்லை, வேறு எங்கோ வாங்கிப் பயன்படுத்திவிட்டு எம்மீது வீண்பழி... வீண்பழி! கீழ என் பேரு. கையெழுத்துக்கு எடம், முத்திரைக்கு எடம். தேதியக்கூட நீங்களே போட்டுட்டீக.

உங்களையும்ல அந்தப் புள்ள கோர்ட்டுக்கு இழுத்துருச்சு, அவளுக்குப் போயி ஏன் எரக்கப்படுறீகன்னு கேக்குறீக. நாயந்தான். நோட்டீஸு எனக்கும்தான் வந்துச்சு. ஒண்ணாம் எதிர்தரப்பு பெனிஷா பியூட்டி பார்லர், உத்தமபாளையம். ரெண்டாம் எதிர்தரப்பு உங்க கம்பெனி. நான் ஒரு கையெழுத்துப் போட்டா நம்ம ரெண்டு பேருமே தப்பிச்சுக்கிறலாம்னு உங்க கணக்கு. போடுறதா வேணாமாங்குறதப் பெறகு பாப்பம். அந்தப் புள்ளயப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? நோட்டீஸ்ல பேரப் பாத்துருப்பீக, அம்புட்டுத்தான? ஆளு யாருன்னு நான் சொல்றேன். வந்தது வந்தீக, கேட்டுட்டுப் போங்க.

அவ அனுமந்தன்பட்டிப் புள்ள. இருபத்திநாலு வயசு. அப்பா இல்ல, அம்மா சங்கிலியம்மா. ரெண்டு பேருக்கும் திராட்சத் தோட்டத்து வேல. பந்தலுக்கு அடியில வேல, நெழலாத்தான இருக்கும்னு நெனைப்பீக. நானும் அப்புடித்தான் நெனச்சேன். கவாத்து வெட்டி விட்ட தோட்டத்துல எலையே இருக்காதுண்ணே. மேல வெறும் கம்பியும் குச்சியும். வெயிலு நேரா எறங்கும். கைய ஒசரத் தூக்கிக்கிட்டு, அண்ணாந்து பாத்துக்கிட்டே செய்யிற வேல அது. நாத்து நடுறவுகளுக்கு முதுகுல விழுகுற வெயிலு, இவளுகளுக்கு மூஞ்சியில விழுகும். காலையில ஏழு மணியில இருந்து.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு சித்திர மாசம், படியேறி வந்து நின்னா. தலையில சும்மாடு கட்டுன தடம் இருக்கு, நெகமெல்லாம் கறை. அக்கா, வெயிலுக்குப் பூசுறது வேணும், வேர்வையில நிக்கிறதாக் குடுங்கன்னா. ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். மறுநாள் சாயங்காலம் அதே குப்பியோட வந்துட்டா. காசத் திருப்பிக் கேக்கத்தான் வந்துருக்கான்னு நெனச்சேன். இல்ல. அக்கா, இது பத்து மணிக்குக் கண்ணுக்குள்ள எறங்கிருச்சு, எரிச்சல்ல ஒரு நல்ல திராட்சக் கொலைய வெட்டிப்புட்டேன், மேஸ்திரி வஞ்சாரு, அதுனால இத இன்னொருத்திக்கு வித்துறாதீக, அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்னா.

எனக்கு எப்புடி இருக்கும்? ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டு நான் பத்து நாளு பூசிப் பூசிப் பாத்து, நல்லாருக்குன்னு வித்த பொருளு. அவ மூஞ்சி ஒரே நாள்ல தோக்கடிச்சிருச்சு. அன்னையில இருந்து என்ன செஞ்சேன், வெயிலுக்கு வர்ற பொருளு எதுவானாலும் மொதல்ல நான், எனக்கு ஒத்துக்கிட்டா அடுத்தது கயலு. அவ தோட்டத்துல இருந்து போன்ல பேசி அனுப்புவா. அக்கா, இது மண்ணு ஒட்டுது. அக்கா, இது மருந்தடிச்ச தோட்டத்துக்குள்ள போனா ஒரு மாதிரி நாறுது. அக்கா, இது சோத்து நேரம் வரைக்கும் நிக்கிது, எழுதிக்கங்க. அவ சரின்னு சொன்ன நாலே நாலு பொருளத்தான் நான் தோட்டத்துப் பொம்பளைகளுக்குக் குடுப்பேன். இன்னைக்கு அனுமந்தன்பட்டிப் பக்கம் போயிப் பாருங்க, வேன் ஏறுறதுக்கு முன்னாடி நாப்பது அம்பது பேரு பூசிக்கிட்டு நிக்கிறாளுக. டீக்கடையில ஒருத்தன் கேட்டானாம், களைவெட்டப் போறவளுக்கு என்னத்துக்கு இம்புட்டு மினுக்குன்னு. கயலு திரும்பி நின்னு, வெயிலு எனக்கு அடிக்கிதா ஒனக்கு அடிக்கிதான்னு கேட்டாளாம். அவன் டீயக் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

அப்பேர்ப்பட்ட புள்ளண்ணே அவ. நெறத்துக்காக ஏங்குற புள்ள இல்ல. அத மனசுல வச்சுக்கிட்டு மேல கேளுங்க.

தையில நிச்சயம் பண்ணுனாக, வைகாசியில கல்யாணம். மாப்ள ராஜபாண்டி, சின்னமனூரு. சொந்தமாக் குட்டியானை வண்டி வச்சு வாழைத்தாரு ஏத்துறவன். நல்ல பையந்தான், அவனக் கொறை சொல்ல மாட்டேன், வாயிதான் கெடையாது. அவன் அம்மா சுருளியம்மாவுக்கு அவனுக்கும் சேத்து வாயி. பூ வச்ச அன்னைக்கே அந்தம்மா சங்கிலியம்மாகிட்டக் கேட்டுருக்காக, போட்டோவுல பாத்த நெறம் இல்லயே, வைகாசிக்குள்ள தெளிஞ்சிருமான்னு. தெளிஞ்சிருமா! கலங்குன தண்ணியப் பாத்துக் கேக்குற மாதிரி.

கயலு எங்கிட்ட வந்து சொல்லிச் சிரிச்சா. சிரிச்சுட்டு, அக்கா, ஏதாச்சும் இருக்கான்னு கேட்டா. நான் எப்பவும் சொல்றதத்தான் சொன்னேன். நெறத்த மாத்துறதுக்கு ஒண்ணும் கெடையாது புள்ள, இருக்குறது கருகாமப் பாத்துக்கிறலாம், அம்புட்டுத்தான். சரிக்கான்னு போயிட்டா.

அதுக்கு மறுவாரந்தான் நீங்க வந்தீக. ரோஸ் மூடி டப்பா. மூடியில ஒரு பொண்ணு படம். திருப்பிப் பாத்தா என்ன கலந்துருக்குன்னு ஒரு வரி கெடையாது, எங்க செஞ்சதுன்னு ஒரு வரி கெடையாது. நான் கேட்டேன். நீங்க சொன்னீக, மலைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு, மூலிகை, ஏழு நாள்ல மூஞ்சி பளிச்சுனு காட்டும், பன்னெண்டே டப்பாதான் இருக்கு, உங்களுக்கு வேணாம்னா சின்னமனூர்ல எறக்கிட்டுப் போயிருவேன். சொன்னீகளா இல்லயா? நீங்க பொய் சொன்னீகன்னு சொல்லலண்ணே. உங்களுக்கும் தெரியாது. தெரியாமத்தான வித்தீக, அதத்தான் சொல்றேன்.

வாங்கி வச்சேன். அன்னைக்குச் சாயங்காலமே கயலு வந்தா. அலமாரியில அந்த ரோஸ் மூடியப் பாத்துட்டா. எடுத்து மோந்து பாத்தா, மூடியில இருந்த பொண்ணப் பாத்தா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா. நானும் ஒரு வார்த்த சொன்னேன். வாங்கிட்டுப் போனா.

ஏழு நாளு கூட ஆகல. அஞ்சாம் நாளே நுங்குச் சொளை மாதிரி ஆயிப்போச்சு மூஞ்சி. நான் ஆடிப்போயிட்டேன். இருபது வருசத் தொழில்ல நான் அப்புடிப் பாத்ததில்ல. சுருளியம்மா கோயிலுக்குப் போனபோது பாத்துட்டு, கன்னத்தத் தொட்டு முத்தம் வச்சாகளாம். ஊர் பூராம் பேச்சு. மிச்சம் பதினொரு டப்பாவும் நாலு நாள்ல காலி. ஆளுக்கு மேல ஆளு, எப்ப வரும் எப்ப வரும்னு. உங்களுக்கு எத்தன தடவ போன் அடிச்சேன்? அடுத்த வாரம், அடுத்த வாரம்னீக. நல்லவேளை வரல.

அஞ்சு வாரத்துல கயலு டப்பா தீந்துருச்சு. தீந்து ஒரு வாரம், பத்து நாளு இருக்கும். பங்குனி கடைசி. மத்தியானம் ரெண்டு மணிக்குப் படியில யாரோ ஏறுற சத்தம். துப்பட்டாவ மூஞ்சி பூராம் சுத்திக்கிட்டு, கண்ணு மட்டும் தெரிய வந்து, நீங்க இப்ப உக்காந்துருக்கீக பாருங்க, அதே எடத்துல உக்காந்தா. வெயில்ல வந்துருக்காளேன்னு ஃபேனக் கூட்டி வச்சேன். வேணாங்க்கான்னு கத்துனா. காத்து பட்டா எரியுதுங்குறா. காத்து, அண்ணே! காத்து!

துப்பட்டாவ எடுத்தா. ரெண்டு கன்னமும் மொளகா அரைச்சு அப்புன மாதிரி. தோலு சவ்வுத்தாளு கணக்கா, உள்ள ஓடுற செவப்பு நரம்பெல்லாம் தெரியுது. தாடைக்குக் கீழ பூராம் பரு. காதோரத்துல முடி மொளச்சிருக்கு. தோட்டத்துல காலையில பத்து நிமிசம் நின்னுருக்கா, நிக்க முடியாம வேன் டிரைவரு கொண்டாந்து விட்டுருக்காரு. அழுதாக் கண்ணீரு பட்டு எரியுது, அதுனால அழுகயும் மாட்டேங்குறா. எங்கிட்ட இருந்தத எல்லாம் எடுத்தேன், கத்தாழ, ரோஸ் வாட்டரு, ஐஸு... எதையுமே வைக்கப் பயமா இருந்துச்சு. எடுத்தத எல்லாம் திருப்பி அலமாரியிலயே வச்சேன்.

மறுநாள் தேனிக்குக் கூட்டிட்டுப் போனேன், தோலு டாக்டரம்மாகிட்ட. டப்பாவக் கேட்டாக. அடியில ஒட்டியிருந்தத வழிச்சுப் பாத்துட்டு, எத்தன நாளாப் பூசுனன்னு மட்டும் கேட்டாக. இதுல ஸ்டீராய்டு இருக்கும்னு நெனைக்கிறேன், சொறி படைக்கு ஒரு வாரம் பூசுற மருந்த அழகுக்குன்னு கலந்து விக்கிறானுக, பூசுறவரைக்கும் பளபளன்னு இருக்கும், நிப்பாட்டுனா இப்புடி ஆயிரும், சரியாக ஒரு வருசம்கூட ஆகலாம்னாக. அதுக்குப் பெறகு லேப்பும் அதத்தான் சொல்லிருச்சு, உங்களுக்கும் நகலு வந்துருக்கும்.

வெளிய பெஞ்சுல உக்காந்துருந்தோம், மருந்துச் சீட்டுக்காக. அப்ப கயலு எம்பக்கம் திரும்பி மெதுவாக் கேக்குறா. அக்கா, நீங்களும் போட்டுப் பாத்தீகல்ல, உங்களுக்கு மட்டும் எப்புடி ஒண்ணும் ஆகல? என் தோலுதான் மட்டமான தோலாக்கா?

அண்ணே, நான் அந்த டப்பாவப் போட்டுப் பாக்கல.

அன்னைக்கு அவ அலமாரியில எடுத்துக் கேட்ட அந்த ஒரு வார்த்த அதுதான், நீங்க போட்டுப் பாத்தீகளாக்கா. நான் சொன்ன வார்த்த, ஆமா புள்ள, போட்டுப் பாத்துட்டேன். இருபது வருசமா எல்லாத்தையும் போட்டுப் பாத்தவ, அன்னைக்கு ஒரு நாளு பாக்கல. நாலு கல்யாணப் பொண்ணு வரிசையில இருந்தாளுக, மூஞ்சியில எதையாவது பூசி ஏதாவது ஆச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அலங்காரம் பண்ணப் போறதுன்னு ஒரு யோசன. பதிமூணு நாளு காத்திருந்தா, வர்றவளுக சின்னமனூரு பார்லருக்குப் போயிருவாளுகளேன்னு ஒரு யோசன. அம்புட்டுத்தான் காரணம். பெருசா ஒரு காரணமும் இல்ல. நாக்கு தானா ஆமான்னுருச்சு.

அந்தப் பெஞ்சுல சொன்னேன். சொல்லாம இருந்துருக்கலாம். ஒவ்வொருத்தர் தோலும் ஒவ்வொரு மாதிரின்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பா. அவ தோல அவளே திட்டிக்கிட்டு வீட்டுக்குப் போக விட்டுருக்கலாம். முடியலண்ணே. கயலு, நான் போட்டுப் பாக்கல புள்ள, பொய் சொன்னேன்னேன். அவ மருந்துக் கவர வாங்குனா, துப்பட்டாவச் சுத்துனா, பஸ்ஸுல எனக்கு ரெண்டு சீட்டு முன்னாடி போயி உக்காந்துக்கிட்டா. உத்தமபாளையத்துல நான் எறங்குறேன், திரும்பிக்கூடப் பாக்கல.

மறுநாள் கடையச் சாத்திட்டு, மிச்சம் பதினொரு பேரு வீட்டுக்கும் டப்பாவத் திருப்பி வாங்க நடந்தேன். ஒருத்தி அங்கனயே நிப்பாட்டி வஞ்சா, தெருவே பாத்துச்சு. ஒருத்தி கதவச் சாத்துனா. ரெண்டு பேருக்குக் கன்னம் செவக்க ஆரம்பிச்சிருச்சு, அவளுகளயும் தேனிக்குக் கூட்டிப் போனேன். ஒருத்தி குடுக்க மாட்டேன், எனக்கு நல்லாத்தான இருக்குன்னு டப்பாவ முந்தியில ஒளிச்சுக்கிட்டா. அவ வாசல்ல முக்காமணி நேரம் நின்னு வாங்குனேன். வெயிலு நடுமண்டையில. பிரிக்காத டப்பா ஒண்ணு கெடச்சுச்சு, அதுதான் லேப்புக்குப் போனது.

கயலு என்ன செஞ்சா தெரியுமா? கல்யாணத்தத் தள்ளி வைக்கணும்னு சுருளியம்மா சொல்லி விட்டுருக்காக. மூஞ்சி சரியாகட்டும், மூணு மாசம் போகட்டும், பாத்துட்டுச் சொல்றோம்னு. கேட்டதும் பஸ் ஏறிட்டா. துப்பட்டா இல்லாம. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி, குடைய மட்டும் பிடிச்சுக்கிட்டு, பட்டப்பகல்ல அவுக தெருவுக்குள்ள நடந்து போயிருக்கா. வாசல்ல நின்னு, அத்தே, நல்லாப் பாத்துக்கங்க, நீங்க தெளிஞ்சிருமான்னு கேட்ட மூஞ்சி இதுதான், தெளிய வச்சுக் கொண்டாந்துருக்கேன்னாளாம். ராஜபாண்டி தலையத் தொங்கப்போட்டு நின்னுருக்கான். அவனப் பாத்து, மூணு மாசம் கழிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்னு உங்கம்மா சொல்லியிருக்காக, சரி, மூணு மாசம் கழிச்சு வா, நானும் உன்னப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்னுட்டு வந்துட்டா.

என்ன ஆச்சா? அதுக்குப் பெறகு அந்தப் பய வாராவாரம் தேனி ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியோட நிக்கிறான். கயலு அதுல ஏறவும் மாட்டேங்குறா, போகச் சொல்லவும் மாட்டேங்குறா. அது அவுக பாடு.

எங்கிட்டயும் இன்னும் மூஞ்சி குடுத்துப் பேசுறதில்லண்ணே. வருவா, என்ன வேணுமோ கேப்பா, போயிருவா. அவ கோவம் அவளுக்கு வேணும், நான் போயிச் சமாதானம் கேக்கல.

என்ன, கையெழுத்தா? இந்தாங்க, உங்க பேப்பரு. மடிச்சுப் பையில வச்சுக்கங்க. நான் போட மாட்டேன். என் கடையில, எங்கையால, போட்டுப் பாத்துட்டேன்னு என் வாயால சொல்லிக் குடுத்தது அது. லைசென்ஸு போகும், கடையச் சாத்தச் சொல்லுவாகன்னு பயம் காட்டாதீக. எங்க வீட்ல அவுகளும் ஒரு வாரமா அதத்தான் சொன்னாக. சாத்தச் சொன்னாச் சாத்துறேன். பொய்ய மட்டும் இன்னொருக்காச் சொல்ல முடியாது. இந்த ரெண்டு பெட்டியயும் எடுத்துக்கிட்டுப் போங்க. சேரு வேணாம்னு மேனேஜர்கிட்டச் சொல்லுங்க.

அவ வக்கீலு யாருன்னா? மனு யாரு எழுதிக் குடுத்ததுன்னு மேனேஜரு கேட்டுட்டு வரச் சொன்னாரா? அந்த ஆளப் பிடிச்சுப் பேசிக்கிறலாம்னு பாக்குறாரா? வக்கீலெல்லாம் வைக்கலண்ணே. நுகர்வோர் கோர்ட்டுல வக்கீல் இல்லாமயும் மனுக் குடுக்கலாம். மனு நகலு உங்ககிட்டயும் இருக்குமே, கையால எழுதுனது, எட்டுப் பக்கம். அந்த எழுத்தப் பாத்துமாண்ணே தெரியல? எட்டு வருசமா மாசம் தவறாம என் ஆர்டர் சீட்டு வாங்கிட்டுப் போறீக!

ஆமா, நான்தான். அனுமந்தன்பட்டிக்குப் போயி, அவ வீட்டுத் தரையில உக்காந்து எழுதுனேன். அவ சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டே வந்தேன். எதிர்தரப்புங்குற எடம் வந்ததும் அவ நிறுத்திட்டா. கம்பெனி பேர மட்டும் போடுங்க, உங்க பேரு வேணாம்னா. அம்புட்டுக் கோவத்துலயும் சொல்றாண்ணே. நான் சொன்னேன், கயலு, கம்பெனிய ஒனக்கு யாருன்னே தெரியாது, நீ நம்புனது என்னயத்தான், அதுனால மொதல்ல என் பேருதான் வரணும்னு. எழுதிட்டுப் பேனாவக் குடுத்தேன். ரொம்ப நேரம் கையில வச்சுக்கிட்டே இருந்தா, பெறகு கையெழுத்துப் போட்டா.

பதினெட்டாந்தேதி, காலையில பத்தரைக்குக் கூப்புடுவாக. வாயிதா கேட்டு இழுக்காம உங்க மேனேஜரயும் கூட்டிக்கிட்டு வாங்க. பேரு கூப்புட்டதும் மொதல்ல எந்திரிக்கப் போறது நான்தான், எனக்குப் பெறகு நீங்க எந்திரிச்சாப் போதும். பெட்டியப் பாத்துத் தூக்குங்கண்ணே, படி செங்குத்தா இருக்கும்.